வெளியே வராத ஆட்டம்

ஐஸ் பெட்டியை நான்கு பேர் கூடத்துக்குள் தூக்கி வந்து சுவரோரமாக இறக்கினார்கள். பெட்டிக்காரர் தங்கராஜ் ஒயரைப் பிடித்துக்கொண்டு பாயிண்ட் தேடினார். அவ்வளவு பெரிய பிளக் நுழைகிற பாயிண்ட் அந்த வீட்டுக் கூடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் தனசேகரனின் கம்ப்யூட்டர் மாட்டியிருந்தது.

“இத ஆஃப் பண்ணிட்டு கழட்டிக்கிறேம்மா,” என்றார்.

அதுவரை கணவனின் காலடியில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்த மீனம்பாள் சட்டென்று நிமிர்ந்தாள். “அத மட்டும் ஆஃப் பண்ணாதீங்க. அஞ்சு நாளா யாரையும் தொட உடல அவரு.”

“ஏம்மா?” என்றாள் மகள் வெண்மதி. சென்னையிலிருந்து கிடைத்த காரில் வந்து இறங்கி அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. அழுததில் மூக்கு சிவந்திருந்தது.

“உள்ள செஸ் ஆட்டம் பாதியில நிக்குதாம். வெளிய வரமாட்டேங்குதாம். ஆஃப் பண்ணா போயிடுமாம்.”

வெண்மதிக்கு அது தெரியும். புதன்கிழமை நைனா போன் செய்து இதையேதான் சொன்னார். “சின்னதா கீழ போச்சும்மா, மேல வரமாட்டேங்குது. ஒரே ஒரு காய் நகத்தணும், அவ்ளோதான்.” ரீஸ்டார்ட் பண்ணுங்க நைனா என்றாள். பண்ண மாட்டேன் என்றார். சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள். வைத்த கையோடு, முகம் தெரியாத ஒரு வெளிநாட்டு ஆளுக்கு, திரையில் காணாமல் போன கணக்கு புரோகிராமை முக்கால் மணி நேரம் பொறுமையாகத் தேடிக் கொடுத்தாள். அவள் வேலையே அதுதான். அதற்குத்தான் சம்பளம். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்கு டீ டம்ளரைக் கீழே வைத்த நைனா, அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

“ஜான் மாமா எங்க?” என்று கேட்டாள்.

மீனம்பாள் வாசலைக் காட்டினாள். ஷாமியானாவின் கடைசி நாற்காலியில், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் அமீர் ஜான். பஸ் ஸ்டாண்டு எதிரில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருப்பவர். தனசேகரன் மேல்மலையனூர் பஸ் ஓட்டிய காலத்தில் அவருடைய டிரைவர் சீட்டுக்கு மெத்தை தைத்துக் கொடுத்ததில் பிடித்த சிநேகம், முப்பது வருஷம் ஆகிவிட்டது. தனசேகரன் ரிட்டயர் ஆன பிறகு தினம் சாயங்காலம் வந்து, கம்ப்யூட்டருக்கு இடது பக்கம் ஒரு மரஸ்டூலைப் போட்டு உட்காருவார். ஒரு நாளைக்கு ஐந்தாறு காய் நகர்த்துவார்கள். மீதி நேரம் சண்டை.

இந்த முறை சண்டை பெரிதாகிவிட்டது. போன சனிக்கிழமை ஜான், தனசேகரனின் ராணியை வெட்டினார். வெட்டிய கையோடு எழுந்துபோய் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார். டீக்கடையில், டைம் கீப்பரிடம், பூக்காரம்மாவிடம்கூட. பூக்காரம்மாவுக்கு செஸ்ஸும் தெரியாது, ராணியும் தெரியாது. நல்லது என்றாளாம். மறுநாள் மிச்ச ஆட்டத்தை முடிக்க வந்தால் ஆட்டத்தையே காணோம்.

“தோக்கப் போறன்னு தெரிஞ்சதும் மறைச்சி வச்சிட்டியா?”

“உள்ளதான் இருக்குது. வரமாட்டேங்குது ஜானு.”

“அப்ப அணைச்சிட்டு புது ஆட்டம் போடு.”

“போட மாட்டேன்.”

“பொய் சொல்ற. வாயத் தொறந்தா பொய்யி,” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். ஐந்து நாளாக வரவில்லை. இன்று காலை சேதி கேட்டு ஓடிவந்தவர் வாசலோடு நின்றுவிட்டார். எத்தனை பேர் கூப்பிட்டும் உள்ளே வந்து முகம் பார்க்கவில்லை.

இதையெல்லாம் மீனம்பாள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். வெண்மதி நைனாவைப் பார்த்தாள். நைனா பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் செஸ்ஸில் தோற்பது பிடிக்காதவர். சின்ன வயதில் அவளிடமே இரண்டு முறை பலகையைத் தட்டிவிட்டிருக்கிறார். அதனால் அவளுக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்தோடு நைனாவை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

“ஜங்ஷன் பாக்ஸ் போட்டுக்கலாமாண்ணே?”

“பொட்டி லோடுக்கு உருகிடும்மா. வெயிலு ஏறுது. அப்புறம் உங்க இஷ்டம்.”

தம்பி அறிவுமதி பெங்களூரிலிருந்து வர மாலையாகும். அதுவரை நைனாவைப் புழுக்கத்தில் படுக்கவைக்க முடியாது. கம்ப்யூட்டரை வேறு பாயிண்டுக்கு இழுக்கலாம் என்றால், டிவி மாட்டியிருந்த பாயிண்டையும் வீட்டிலிருந்த ஒரே ஜங்ஷன் பாக்ஸையும் ஷாமியானாக்காரர்கள் ஃபேனுக்கும் லைட்டுக்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“கழட்டுங்க,” என்றாள். “யூபிஎஸ் பேட்டரி பத்து நிமிஷம் நிக்கும். அதுக்குள்ள பாத்துக்கறேன்.”

தங்கராஜ் பிளக்கை உருவியதும் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பீப். பீப். அப்போதுதான் குரலெடுத்திருந்த பூங்குழலி அத்தை பாதி வரியில் நின்றுவிட்டாள்.

“இன்னாடி சத்தம் அது? எங்கண்ணன அழக்கூட உடாம.”

“பத்து நிமிஷம்தான் அத்த. அப்புறம் நல்லா அழுவலாம்.”

அத்தை அழுகையை ஒத்திவைத்துவிட்டு எழுந்து வந்து பின்னால் நின்றாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பெண்கள் வந்தார்கள்.

திரையின் அடியில் ஒரு குதிரைத் தலைப் படம் இருந்தது. மவுஸை அதன்மேல் வைத்தால் தீப்பெட்டி அளவில் ஒரு பலகை தெரிந்தது. ஆக, ஆட்டம் உள்ளேதான் இருக்கிறது. கிளிக் செய்தாள். ஒன்றும் வரவில்லை. அது திறந்துகொண்டதாகக் கம்ப்யூட்டர் நம்பியது; கண்ணுக்குத்தான் தெரியவில்லை. எங்கேயோ திறந்திருக்கிறது. எங்கே?

குனிந்து பின்பக்கம் பார்த்தாள். பொங்கலுக்கு வந்தபோது நைனாவின் கண்ணுக்குச் சிரமமாக இருக்கிறதே என்று, கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு ஒரு ஒயர் இழுத்து, ஆட்டத்தை டிவியில் பெரிதாகத் தெரியும்படி வைத்துக் கொடுத்திருந்தாள். அந்த ஒயரின் அடுத்த முனை தரையில் கிடந்தது.

“அம்மா, இத யாரு கழட்டுனது?”

“ஞாயித்துக்கெழம கேபிள்காரரு புது பாக்ஸு மாட்டுனாரே. டிவியில சொருவ ஓட்ட வேணும்னாரு. அந்த ஒயரு சும்மாதான் கெடக்குது, கழட்டுங்கன்னு நான்தான் சொன்னேன். உங்கப்பா தூங்கிட்டு இருந்தாரு. ஏன்?”

“ஆட்டம் டிவி பக்கமே நிக்குதும்மா. ஒயர கழட்டுனது அதுக்குத் தெரியல.”

மீனம்பாளுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்ப, நான் சீரியல் பாக்கறதுக்கா இவுங்க ரெண்டு பேரும் சண்ட போட்டாங்க?” தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவ வந்த பூங்குழலி அத்தை, அவள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டாள். தங்கராஜ் என்ன செய்வதென்று தெரியாமல் நைனாவைப் பார்த்தார்.

டிவியைக் காலையிலேயே உள்ளறைக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். பரவாயில்லை, டிவி இல்லாமலே அதை இழுத்துவர வழி இருக்கிறது. ஆனால் வெண்மதி உடனே இழுக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள்.

“மாமா, உள்ள வாங்க. ஆட்டம் கெடச்சிடுச்சி.”

“இப்ப எதுக்கும்மா அது?” ஜான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “மறைச்சிருந்தாலும் மறைச்சிட்டுப் போவட்டும். நான்தான் வார்த்தய உட்டுட்டேன்.”

“நீங்க பாக்கணும். நாலு நிமிஷம்தான் இருக்குது.”

அவள் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் எழுந்தார். உள்ளே வந்தவர் பெட்டிப் பக்கம் திரும்பாமல் கம்ப்யூட்டரையே பார்த்து நின்றார். அதற்குள் நைனாவைப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். யூபிஎஸ் இப்போது வேகமாகக் கத்தியது.

வெண்மதி ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினாள். பிறகு எம். பிறகு அம்புக்குறியை ஒரு தட்டு. மவுஸை மெல்ல அசைத்தாள். அதுவரை கண்ணில் படாத பலகை திரையின் ஓரத்திலிருந்து நுழைந்து, மவுஸோடு நடுவில் வந்து நின்றது. காய்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. கீழே வெள்ளைக் காய்களுக்கு நேராக, அடுத்து நகர்த்த வேண்டியது வெள்ளைதான் என்று ஒரு பச்சை விளக்கு. வெள்ளை நைனாவுடையது.

ஜான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ராணி இல்லாத வெள்ளையைப் பார்த்தார். “நான் சொல்லல? ராணிய வெட்டுனனா இல்லயா?” என்றவர் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தார்.

ராணியை வெட்டுகிற ஆசையில், கடைசி வரிசையில் காவலுக்கு வைத்திருந்த தன் யானையை அவர் நகர்த்தியிருந்தார். இப்போது அவருடைய ராஜா தன்னுடைய மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் நகர இடமின்றி நின்றிருந்தான். எதிரே, தடையில்லாத நேர்க்கோட்டில், நைனாவின் வெள்ளை யானை.

“அடப்பாவி,” என்றார் ஜான். “ராணிய வேணும்னே குடுத்திருக்கான். அஞ்சு நாளா ஜெயிச்ச ஆட்டத்த வெச்சிக்கிட்டு, ஒரு வார்த்த சொல்லாம இருந்திருக்கானே தங்கச்சி.”

“நீங்க ஊரெல்லாம் சொன்னீங்களாமே அண்ணே,” என்றாள் மீனம்பாள். “ஆடி முடிக்கட்டும், நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன், அவனே சொல்லட்டும்னு சிரிச்சாரு. எனக்கு இன்னா புரிஞ்சிது?”

வெண்மதி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “ஆடுங்க மாமா.”

“என் ஆட்டம் இல்லம்மா. அவன் ஆட்டம். நீ அவன் சேர்ல உக்காரு.” ஜான் இடது பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார். “யானைய எடு. நேரா மேல. கடைசி கட்டம். ஆங், உட்டுடு.”

அவள் விட்டாள். வெள்ளை வென்றது என்று திரையில் எழுத்து வந்தது. வந்த எழுத்தை எல்லோரும் படித்து முடிப்பதற்குள் யூபிஎஸ் ஒரே நீளமாகக் கத்தி ஓய்ந்தது. திரை கறுத்தது. பெட்டி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வெண்மதிக்கு மனசு லேசாக இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஜான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். ஐஸ் பெட்டியைச் சுற்றி நடந்து, அதற்கும் இடது பக்கமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். பெட்டியின் கண்ணாடிக்குள்ளே தனசேகரனின் முகத்தை இன்று முதல் தடவையாகப் பார்த்தார்.

தோற்றவனுக்கு அடுத்த ஆட்டத்தில் வெள்ளை. முப்பது வருஷமாக அவர்களுக்குள் அதுதான் கணக்கு.

“நாளைக்கு எனக்கு வெள்ள,” என்றார்.