வில்லனுக்கு ஒரு படம்

“தாடையைக் கொஞ்சம் தூக்கு மச்சான். போதும், போதும். அசையாதே.”

இரண்டு தலையணைகளில் சாய்ந்தபடி அப்பா பேஸ்டல் வண்ணக்கட்டியைத் தாளில் தேய்த்தார். மடியிலிருந்த பலகை சரியாமல் மகள் ஒரு துண்டை மடித்து முட்டுக் கொடுத்தாள். இதயம் ஓய்ந்துகொண்டிருக்கிறது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று மருத்துவர் சொல்லி ஒன்பது நாளாகிவிட்டது. ஜன்னலோர நாற்காலியில், அம்மாவின் தம்பியான மாமா விறைத்துப்போய் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அப்பா முப்பத்தொரு வருடம் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதைகளுக்குப் படம் போட்டவர். வெள்ளிக்கிழமை கதை வரும். சனிக்கிழமை படம் போயாக வேண்டும். வீட்டில் கண்ணில் பட்டவர்கள்தான் பாத்திரங்கள். அம்மா மட்டும் பதினேழு தடவை கொலையாகியிருக்கிறாள். மாமாவுக்கு அடர்ந்த புருவம். கொலைகாரன், கடத்தல்காரன், பிள்ளை பிடிக்கிறவன் எல்லாம் அவர்தான்.

மாமா அப்போது பள்ளிப் பேருந்து ஓட்டினார். பிள்ளை பிடிக்கிறவன் தொடர் வந்துகொண்டிருந்தபோது குழந்தைகள் வண்டியில் ஏற மாட்டோமென்று அழுதன. வண்டிச் சொந்தக்காரர் மாமாவைச் சரக்கு லாரிக்கு மாற்றிவிட்டார். அதற்கப்புறம் பதினான்கு வருடம் அவர் இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இன்று காலை தானாகவே வந்து நின்றார். “பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். அவ்வளவுதான்.”

“உட்காரு. உன்னை ஒரு தடவை கலர்ல போடணும்.”

“இந்த வாரம் யாரைக் கொன்னேன் அத்தான்?”

“கதையே கிடையாது. சும்மா, நீதான்.”

ஓய்வு பெற்ற பிறகுதான் அப்பா பேஸ்டலைத் தொட்டார். இரண்டு கண்காட்சிகள் வைத்தார். நிழலுக்குக்கூட ஊதா பூசினார். இப்போது கண்ணைச் சுருக்கி மாமாவையே பார்த்தார்.

“உன் புருவத்துல பழுப்பு இருக்குடா. இத்தனை வருஷமும் வெறும் கறுப்புன்னே நெனச்சிட்டேன்.”

மாமா முகத்தைத் திருப்பாமலே, “உங்ககிட்ட அப்ப கறுப்பு மைதானே இருந்துச்சு,” என்றார்.

அப்பா சிரித்தார். அவள் தேநீர் போட எழுந்து போனாள்.

திரும்பி வந்தபோது அப்பாவின் கை தாளின் ஓரத்தில் கிடந்தது. விரல்களிலிருந்து பழுப்பு வண்ணக்கட்டி நழுவியிருந்தது. கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“தூங்கிட்டாரா?” மாமா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். “சத்தத்தையே காணோம். நான் அசையல.”

“மாமா... போதும். எழுந்துக்கலாம்.”

அவர் எழுந்திருக்கவில்லை. தாடையும் இறங்கவில்லை.

அம்மா வந்து கட்டிலோரத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுகை அடங்கியபோது அப்பாவின் மடியிலிருந்த படம் கண்ணில் பட்டது. ஒரு காது இன்னும் வரையப்படவில்லை. மற்றபடி முழு முகம்.

“இவ்வளவு லட்சணமாடா நீ?”

“அப்படித்தான் போலிருக்கு அக்கா.”

துக்கம் கேட்க ஆட்கள் வருவதற்குள் படத்தை மாடி அறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சாய்த்தால் வண்ணத் தூள் உதிர்ந்துவிடும். மாமா பலகையை இரண்டு கைகளிலும் மட்டமாக ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்து ஏறினார். அவள் முன்னால் போய்க் கதவுகளைத் திறந்துவிட்டாள்.