விட்டுப்போன ஒரு வசனமும் ஜெஸீமா ரீச்சரின் தாடையும்

1.
முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் பிழையிலிருந்து பிறந்தது. நான் ஜனா. கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு மருத்துவப் பிரசுரங்களைத் தமிழாக்குகிறவன். ஒரு பிரசுரத்தில் ஒரு வசனத்தை விட்டுவிட்டேன். அதை வாசித்த ஒரு மனுசி, சத்திரசிகிச்சையே வேண்டாமென்று வீட்டுக்குப் போய்விட்டா.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "கொட்டாஞ்சேனையில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், ஜெஸீமா தன் தாடையைத் தடவியபடி" [வெட்டிவிட்டேன். மழை பெய்யவில்லை. தாடையைத் தடவிக்கொண்டிருக்கிற ஆளும் அவ இல்லை.]

2.
ஜெஸீமா ரீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் பெண்கள் பாடசாலை ஒன்றில் கணக்குப் படிப்பிக்கிறா. இடப்பக்கக் கீழ்த்தாடையில் வந்த கட்டியை வெட்டியெடுத்தபோது பெருவிரல் நுனியளவு எலும்பும் சேர்ந்து போய்விட்டது. மிச்சம் மெல்லிசு, கடித்தால் முறியலாம். நாலு மாதமாகக் கஞ்சியும் சூப்பும்தான்.

டொக்டர் அருந்ததி அவவை ஒரு புது ஆய்வில் சேர்க்க விரும்பினா. ஸ்கேனைப் பார்த்து, அந்தப் பள்ளத்துக்கு அளவான ஒரு கூட்டை இயந்திரத்தில் அச்சடிப்பார்கள். எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் உடம்பில் கரையும் பிளாஸ்டிக்கும் கலந்த கூடு. அதன் துளைகளுக்குள் சொந்த எலும்பு வளரும். வளர வளரக் கூடு கரையும்.

அந்த ஆய்வுக்கான பிரசுரத்தில் "கரையும்" என்பதை எழுதினேன். அடுத்த வசனம்: அதுவரை ஓர் உலோகத் தகடு தாடையைத் தாங்கும். அதைத்தான் விட்டுவிட்டேன். (ஏனென்றால், அந்த நேரம் ஒரு போன் வந்தது. இல்லை, வரவில்லை. வெறும் கவனயீனம்.)

3.
ரீச்சர் வேண்டாமென்று போய்விட்டதை டொக்டர் சொன்னதற்கு அடுத்த நாள் காலை பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ரீச்சரின் கணவர் தாஸிம் கதவைத் திறந்தார்.

[இந்த இடத்தில் ரீச்சரை அழவைத்திருந்தேன். உண்மையில் அவவின் கையில் சிவப்புப் பேனா இருந்தது.] என் பிரசுரத்தில் "கரையும்" என்ற சொல்லைச் சுற்றி வட்டம்.

"தம்பி, இது கரையுமெண்டா என்ட வாயை எது தாங்கிப் பிடிக்கும்?"

"ஒரு தகடு இருக்குது அக்கா. அதை எழுத மறந்திட்டன். பிழை என்ர."

வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தா.

"சரி. அடுத்த கேள்வி. கரையிற வேகமும் வளர்ற வேகமும் ஒண்டா ஈக்குமா? கரையிறது முந்தினா நடுவுல ஓட்டை விழுமே."

எனக்குத் தெரியாது. அங்கிருந்தே டொக்டருக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்கட பெரிய கேள்வியும் அதுதான் ரீச்சர்," என்றா டொக்டர். "மெதுவாக் கரையிற மாதிரித்தான் செய்திருக்கிறம். கனபேருக்கு எலும்புதான் முந்தும். எல்லாருக்கும் முந்துமெண்டு சத்தியம் பண்ண ஏலாது. முந்தாட்டி இடுப்பெலும்பில கொஞ்சம் எடுத்து வைக்கலாம்."

"அப்ப இப்பவே இடுப்புல எடுக்கலாமே?" தாஸிம் போனுக்குக் கிட்டக் குனிந்து கேட்டார்.

"எடுக்கலாம். நடக்கக் கொஞ்ச நாள் கஷ்டப்படுவா."

"மூணாம் மாடியிலதான் என்ட வகுப்பு," என்றா ரீச்சர். "நான் வாறேன் டொக்டர். தெரியாததத் தெரியாதெண்டு செல்லிட்டீங்க. அது போதும்."

4.
சத்திரசிகிச்சைக்கு முன்னர் டொக்டர் அந்தக் கூட்டைப் போலவே அச்சடித்த ஒரு மாதிரியைக் காட்டினா. வெள்ளை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கடுக்காய் இருந்தன.

"இடியப்ப உரல்ல புழிஞ்ச மாதிரியே ஈக்குது," என்றா ரீச்சர்.

அவவை உள்ளே கொண்டுபோன பிறகு தாஸிமுக்கு ஒரு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். வாங்கினார், சாப்பிடவில்லை.

"அவ கஞ்சி குடிக்கத் தொடங்கின நாள்ல இருந்து நானும் கஞ்சிதான்," என்றார். "அவக்குத் தெரியாது. ஸ்கூல் விட்டு வாறதுக்குள்ள குடிச்சி முடிச்சிருவேன்."

(பின்னாளில் இந்தப் பகுதியை ரீச்சருக்கு வாசித்துக் காட்டியபோது, "எனக்குத் தெரியும், ரெண்டு கோப்பை கழுவி ஈக்கும்" என்றா. தாஸிம் எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.)

5.
சத்திரசிகிச்சை முடிந்து ஏழாம் மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு எலும்பு. நடுவில் இன்னும் எலும்பு வளராத ஒரு மங்கலான கீற்று. டொக்டர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது, இன்னும் நாலு மாசம் பொறுப்பம்" என்றா. ரீச்சர் அடுத்த நாளே வகுப்புக்குப் போனா.

நான் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ) கீற்று மூடிவிடுகிறது. ரீச்சர் ஒரு முறுக்கைக் கடிக்கிறா, தாஸிம் அந்தச் சத்தத்தைக் கேட்டு

ஆ) கீற்று அகலமாகிவிடுகிறது. மீண்டும் சத்திரசிகிச்சை, இடுப்பில் காயம், படிகளில் ஒவ்வொன்றாக

இரண்டையும் வாசித்துக் காட்டினேன். ரீச்சர் கேட்டுவிட்டுச் சொன்னா: "விடைய முதல்ல எழுதி வச்சிட்டுக் கணக்கச் செய்யப் பாக்குறீங்க தம்பி. என்ட பிள்ளைகள் இப்பிடிச் செஞ்சா நான் புள்ளி போடமாட்டேன்."

ஆகவே இரண்டும் அரைகுறையாகவே கிடக்கட்டும்.

6.
அடுத்த ஸ்கேன் வருகிற புதன்கிழமை. நீங்கள் இதை வாசிக்கும்போது அது முடிந்திருக்கலாம். எனக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. ஸ்கேன் அறைக்கு வெளியே போட்டிருக்கிற மர வாங்கில் தாஸிமும் நானும் இருப்போம். இன்னொருவருக்கும் இடமுண்டு. வந்து இருங்கள். கதவு திறந்ததும் முதலில் அவவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

நீங்கள் பாருங்கள்.