பலகைக்கு அந்தப் பக்கத்து ஜெபம்

எங்கள் வீட்டில் யாரும் அலாரம் வைத்ததில்லை. பெரியம்மா ஜெபிக்கத் தொடங்கினால் பொழுது விடிந்துவிட்டது என்று அர்த்தம். கூடத்தைக் குறுக்கே தடுத்து ஒட்டுப்பலகை அடித்திருந்தார்கள். அந்தப் பலகை கூரைவரை போகாது. மேலே இருந்த இடைவெளி வழியாகத்தான் பெரியம்மாவின் குரல் எங்கள் பக்கம் இறங்கும்.

"ஆண்டவரே, பெத்த தகப்பன் சாகுறப்பகூட ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாத கல்நெஞ்சுக்காரங்க இந்தக் கூரைக்குக் கீழதான் இருக்காங்க. அவங்க கண்ணைத் திறந்தருளும்."

இந்தப் பக்கம் அடுப்படியில் அம்மா ஒரு பாத்திரத்தை 'ணங்'கென்று வைப்பாள். அதுதான் அவளுடைய ஆமென். அப்பா லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். வீட்டில் இருக்கும் நாட்களில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, "ரோட்டுலகூட இவ்வளவு ஹார்ன் சத்தம் இல்லம்மா" என்று உள்ளேயிருந்தே முனகுவார்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. அம்மாவுடன் பேசமாட்டாளே தவிர, என்மேல் உயிரையே வைத்திருந்தாள். பெரியப்பா சீக்கிரமே தவறிவிட்டார், அவளுக்குப் பிள்ளைகளும் இல்லை. பள்ளி விட்டதும் நான் தெருவோடு சுற்றி அவள் வாசலுக்குத்தான் முதலில் போவேன். இரண்டு வீட்டுச் சாப்பாட்டையும் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். இப்போது நானே சமைத்து நானே சாப்பிடுகிற சில நாட்களில், அந்தக் குறுக்குப் பலகைகூட எனக்கு இனிப்பாகத்தான் நினைவுக்கு வருகிறது.

பெரியம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். விடுமுறை நாட்களில் அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். உள்ளே நுழைந்தாலே ஆவி முகத்தில் அடிக்கும். பெரிய உருளை இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். ரத்தம் பட்ட விரிப்புகளைத் தனியாகப் பிரித்துப் பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருப்பார்கள். "இதுக்கு வெந்நீர் ஆகாது. கறை துணியோட சேந்து வெந்துடும்" என்பாள் பெரியம்மா. அவளுக்கு எதிரே இஸ்திரி உருளையில் நிற்பவள் நெட்டையக்கா. கூரையைத் தொடுகிற மாதிரி உயரம். இருவரும் ஒரு விரிப்பின் முனைகளைப் பிடித்துக்கொண்டு நெருங்குவார்கள், மடிப்பார்கள், விலகுவார்கள், மறுபடி நெருங்குவார்கள். வேலை என்றே தோன்றாது. நான் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

அக்கா தங்கைக்குள் பகை வந்தது அவர்களுடைய அப்பா இறந்த நாளில். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிக் காலத்தில் கூடத்தில்தான் கட்டில். மகள்கள் இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார் என்று அம்மா எழுப்பாமல் விட்டிருக்கிறாள். சாயங்காலம் டீயோடு போய்த் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது. அடக்கம் முடிந்து எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போதே பெரியம்மா வெடித்தாள். "எனக்கு ஏன் ஆள் விடல? என்னை ஏன் கடைசியா முகம் பாக்க விடல? வேணும்னேதான செஞ்ச?" அம்மா, "எனக்கே தெரியலையேக்கா" என்று எத்தனையோ முறை சொன்னாள். அடுத்த வாரம் தச்சர் வந்து பலகை அடித்தார். அதன்பின் ஒன்பது வருடம் ஒரே சபையில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஆளுக்கொரு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்த அந்த நாட்களில்தான் நெட்டையக்கா ஞானஸ்நானம் எடுக்க முடிவு செய்தாள்.

அவள் கதை சலவைக்கூடம் முழுக்கத் தெரிந்த கதை. ஒரு காலத்தில் குடித்தாள். கைக்குழந்தையைப் புருஷன் வீட்டில் விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டுப் பல வருடம் கழித்துத் திரும்பினாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடமாட்டார்கள். பெரியம்மாதான் கூப்பிட்டு உட்காரவைத்தாள், சபைக்கும் அழைத்து வந்தாள். அதில் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "நான் கொண்டுவந்த ஆத்துமா" என்று இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கத்திச் சொல்வாள். சாட்சியாக நிற்க வேண்டும் என்று நெட்டையக்கா கேட்டபோது, வெள்ளை அங்கியைத் தன் கையாலேயே துவைத்துக் கஞ்சி போட்டு மடித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பீடத்து மரப்பலகைகளை எடுத்து அடியிலிருந்த தொட்டியைத் திறந்தார்கள். நெட்டையக்கா தண்ணீரில் இறங்கி நின்றாள். பாஸ்டர் கேட்பதற்கு முன்னாலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். தான் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். குழந்தையை விட்டுப்போன நாளையும் சொன்னாள். பிறகு பாஸ்டர் ஓரத்தில் நின்ற பெரியம்மா பக்கம் திரும்பினார்.

"இவங்களுக்குத் துணையா நிக்கிற நீங்க, யார் மேலயும் பகை இல்லாம, சுத்த மனசோட நிக்கிறீங்களா?"

வார்த்தைக்குப் பஞ்சமே இல்லாத பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. பாஸ்டர் இன்னொரு முறை கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மடியில் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பெரியம்மா ஆமாம் என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினாள்.

நெட்டையக்கா மூழ்கி எழுந்தாள். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமலே சிரித்தாள். "அக்கா, உடம்புல எடையே இல்லக்கா!" என்று கத்தினாள். சபையே சிரித்துவிட்டது. பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் அவள் பக்கம் போனபோது அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. காலையில் கட்டிய சேலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"உடம்பு சரியில்லையா பெரியம்மா?"

"அவ என்னென்ன செஞ்சான்னு ஊருக்கே தெரியும். எல்லாத்தையும் கொட்டிட்டு, கழுவிக்கிட்டு, புதுசா ஏறி வந்துட்டா" என்றாள் என்னைப் பார்க்காமலே. "அவளுக்கு வழி காட்டினேன்னு பீத்திக்கிட்டவ நான். நான் இன்னும் இறங்கவே இல்லடி. படிக்கட்டுலயே நின்னுட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். செருப்புக்கூடப் போடாமல் வாசலைத் தாண்டி, தெருவோடு சுற்றி எங்கள் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் கதவைத் தட்டினாள். பிறந்து வளர்ந்த வீட்டின் கதவை யாரோ வெளியாள் மாதிரி தட்டினாள்.

அம்மா திறந்தாள். கையில் கரண்டி.

"உள்ள வரலாமா?"

அம்மா ஒதுங்கி வழிவிட்டாள். பெரியம்மா உட்காரவில்லை.

"அன்னைக்குக் காலையில அப்பா டீயைப் படுக்கையில கொட்டிட்டாரு. அப்பதான் விரிப்பு மாத்தியிருந்தேன். வேலைக்கு நேரமாச்சு. இடுப்பு வேற விட்டுப்போற மாதிரி வலி. 'ஊரு அழுக்கையெல்லாம் அங்க தோய்க்கிறேன், இங்க வந்தா உங்க அழுக்கா? சீக்கிரம் போய்ச் சேந்தா எல்லாருக்கும் நிம்மதி'ன்னு சொல்லிட்டேன். அவரு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அவரு அன்னைக்கே போய்ச் சேந்துட்டாரு."

அவள் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"அத என்னால தாங்க முடியல. நீ ஆள் விடலேன்னு பழியை உன் தலையில போட்டேன். உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தா, நான் சொன்னது என் காதுல விழாம இருந்துச்சு. கர்த்தர் சொல்லிக்குடுத்த ஜெபத்துல மத்தவங்கள மன்னிக்கிற வரி வந்தா இருமிக்கிட்டே தாண்டிடுவேன். இன்னைக்கு ஆண்டவர் சந்நிதியில தலையாட்டிப் பொய்யும் சொன்னேன். என்னை மன்னிச்சுடு, சின்னவளே."

அம்மா உடனே கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நான் நினைத்தேன். அவளோ வெளிறிப்போய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"நீ சொன்னது. அப்பாவே சொன்னாரு. மத்தியானம் சாப்பாடு ஊட்டுறப்ப, 'உங்கக்கா இன்னைக்கு எனக்கு டிக்கெட்டே கிழிச்சுக் குடுத்துட்டாடி'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. புரையேறுற அளவுக்குச் சிரிச்சாரு. அப்புறம், 'பாவம், அவளுக்கு இடுப்பு வலி. சாயங்காலம் வந்ததும் கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடு'ன்னாரு. அதுக்கப்புறம் அவரு எதுவும் பேசல. தூங்கிட்டாரு."

பெரியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். கல்லறைத் தோட்டத்துல எல்லார் முன்னாடியும் கொலைகாரி மாதிரி பேசினியே. அப்புறம் விடிஞ்சா போதும், அந்த ஜெபம். இவ கெடந்து வேகட்டும்னு வெச்சுக்கிட்டேன். ஒரு வார்த்தை சொன்னா உன் நெஞ்சு ஆறிடும்னு தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல. உன்னைவிட நான்தான் பெரிய பாவிக்கா."

பிறகு பெரியம்மா மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "எதுலயும் எனக்குப் போட்டிக்கு வராம உன்னால இருக்க முடியாதே" என்றாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. பெரியம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்து நாறியது. நான்தான் போய் அணைத்தேன்.

திரும்பி வந்தபோது பெரியம்மா பாயில் குப்புறப் படுத்திருந்தாள். அம்மா அவள் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இங்கயா? இங்கயா?" என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்தாள். அதன்பின் இருவரும் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். பெரியம்மா அவ்வளவு தணிந்த குரலில் ஜெபித்து அன்றுதான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற எனக்கே ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வீடு முழுக்கத் தூங்கிவிட்டது. எழுப்ப ஜெபச் சத்தம் இல்லையே! அம்மா அலறிப் புடைத்து எழுந்து என்னைத் தலைகூடச் சீவாமல் பள்ளிக்குத் துரத்தினாள்.

அந்த வாரமே பெரியம்மா பாஸ்டரிடம் போய், தனக்கும் மறுபடி ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "சின்ன வயசுல எடுத்தீங்களே, அது போதும்மா. அன்னைக்கு உடம்பு மட்டும் தண்ணியில இறங்குச்சு, மனசு இப்பத்தான் இறங்கியிருக்கு" என்றாராம் அவர். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல அவள் எழுந்தபோது, வழக்கம்போல நேரமாகும் என்று பாஸ்டரே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "என் தங்கச்சிகிட்ட நான் மன்னிப்பு கேட்டேன். அவ மன்னிச்சா. ஆண்டவரும் மன்னிச்சுட்டாருன்னு நம்புறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சாய்ந்திருந்த பாஸ்டர் அவசரமாக எழுந்திருக்க வேண்டியதாயிற்று.

அப்பா அடுத்த முறை வந்ததும் பலகையைக் கழற்றி எனக்குப் படிக்கிற மேசை செய்துகொடுத்தார். அதற்காக இரண்டு பேரும் தேவதைகளாகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். உப்பு கூடிவிட்டது, கதவைத் திறந்து போட்டாய் என்று தினமும் உரசிக்கொள்வார்கள். ஆனால் பெரியம்மா வெடுக்கென்று ஏதாவது சொல்லிவிட்டால், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து நிற்பாள். "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்பாள். அம்மா, "சரி, சரி, தட்டை எடு" என்பாள். எங்கள் வீட்டில் நான் கேட்ட வார்த்தைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை அவை.

ஓய்வுபெற்ற பிறகு பெரியம்மா சபையில் ஒரு வேலையைத் தானாக எடுத்துக்கொண்டாள். ஞானஸ்நானம் எடுக்கும் பெண்கள் நனைந்து வந்து உடை மாற்றுகிற சின்ன அறையில் அவள் இருப்பாள். யார் என்ன பாவத்தோடு இறங்கினார்கள் என்று அவள் கேட்டதே இல்லை. நடுங்கிக்கொண்டு வருகிறவளைச் சேர்த்துப் பிடித்துத் தலை துவட்டிவிடுவாள், அவ்வளவுதான்.

எனக்கும் அவள்தான் துவட்டிவிட்டாள். தண்ணீரிலிருந்து ஏறி, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அந்த அறைக்குள் நுழைந்தேன். கதவருகே அம்மா உலர்ந்த துணிகளோடு நின்றிருந்தாள். பெரியம்மா என் முகத்தை இரு கைகளிலும் ஏந்தி ஒரு நிமிடம் பார்த்தாள். பெரிதாக ஏதோ ஆசீர்வாதம் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"காதுக்குப் பின்னாடி ஈரம் நிக்குது பாரு, சளி பிடிச்சுக்கும்" என்று சொல்லி, அழுத்தித் துடைத்தாள்.