கோதுமை வேகாத வீடு

வெரிட்சாவின் வீட்டில் ஸ்லாவாவுக்குக் கோதுமை வேகவைப்பதே இல்லை. மற்ற வீடுகளில் குடும்பப் புனிதரின் அந்தத் திருநாளில் கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்துப் பிசைந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு கரண்டி கொடுப்பார்கள். இவர்களுடைய குடும்பப் புனிதரோ தேவதூதர் மிக்கேல். தேவதூதருக்கு ஏது சாவு? செத்தவர்களுக்கு வைக்கிற கோதுமையை அவருக்கு எப்படி வைப்பது?

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்க வேண்டாம், தானாக வருவார்கள். அன்று கதவைச் சாத்தினால் எங்கள் ஊரில் ஏழு வருஷம் பேசுவார்கள்.

மகள் டுன்யாவுக்கு ஆறு வயது, ரத்தப் புற்றுநோய். மருந்தில் தலைமுடியெல்லாம் கொட்டிப்போயிருந்தது. இரண்டு சிகிச்சைகளுக்கு நடுவே பத்து நாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "அவ உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்ல. காய்ச்சல் முப்பத்தெட்டு டிகிரியைத் தொட்டா நேரா இங்க வாங்க. வீட்டு மாத்திரை எதுவும் கொடுத்துடாதீங்க."

ஸ்லாவா அன்று காலை மெழுகுவர்த்தி ஏற்றியபோது குழந்தையின் கன்னம் சிவந்திருந்தது. தெர்மாமீட்டரில் முப்பத்தெட்டரை. வாசலிலோ பத்துப் பேர் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மெழுகுவர்த்தி எரியும்போது வீட்டுக்காரி கிளம்பிப் போவதா? பாழாய்ப்போன அந்த நினைப்பு!

டிராயரில் புருஷன் ராதோயே பல்வலிக்குத் தின்றதுபோக மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இருந்தன. அப்படி ஒரு டிராயர் இல்லாத வீடு எங்கள் பக்கம் உண்டா? ஒன்றைப் பிரித்து ஜாமில் குழைத்துக் கொடுத்தாள்.

மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. "பாத்தியா? இந்த டாக்டருங்க சும்மா பூச்சாண்டி காட்டுவாங்க" என்றாள் நாத்தனார் யெல்கா.

டுன்யா படுக்கையிலிருந்தே கத்தினாள்: "அத்தை, கேக்குல முடி கெடந்தா அது என்னோடது இல்ல!"

வீடே சிரித்தது. வெரிட்சாவும் சிரித்தாள்.

மறுநாள் காலை குளிர்க்காய்ச்சலில் குழந்தைக்குப் பல் கிட்டித்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது.

"அந்த மாத்திரையாலயா, டாக்டர்?"

"இல்லம்மா. இந்தக் கிருமி இங்க வார்டுலயே அவ குடல்ல ஒட்டியிருக்கும். உங்க மாத்திரை அதுக்கு உறைக்கவே இல்ல. நாங்க போடுற மருந்துக்கும் அசைய மாட்டேங்குது. ஆனா..."

"ஆனா என்ன? சொல்லுங்க!"

"ஒரு நாள் போயிடுச்சு."

கடைசியாக ஒரு மருந்து இருந்தது. சிறுநீரகத்தைக் கெடுத்தாலும் பரவாயில்லை, உயிர் மிஞ்சினால் போதும் என்று அதையும் ஏற்றினார்கள். அந்தக் கிருமி எதற்கும் மசியவில்லை. ஆறாம் நாள் மத்தியானம் டுன்யா போய்விட்டாள்.

அடக்கத்தன்று காலை யெல்கா ஒரு பை கோதுமையோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "நான் பாத்துக்கறேன், நீ போய் உக்காரு" என்றாள்.

வெரிட்சா பையைப் பிடுங்கிக்கொண்டாள். கோதுமையைக் கழுவினாள், பானையில் போட்டாள், தண்ணீர் ஊற்றினாள். பிறகு அடுப்பின் முன்னால் அப்படியே நின்றாள்.

"எவ்வளவு நேரம் வேகணும், யெல்கா? எனக்குத் தெரியாதே. இந்த வீட்டுல இதை நான் செஞ்சதே இல்லையே."