எந்தக் கட்சியும் சாராத அறக்கட்டளை

ராஜகோபாலுக்கு நிறங்களென்றால் பயம். திருத்தணியில் அவர் செயலாளராக இருக்கும் தாய்சேய் நல அறக்கட்டளை எந்தக் கட்சியையும் சாராதது என்று பெயர்ப் பலகையிலேயே எழுதி வைத்திருந்தார். போன தை மாதம் கர்ப்பிணிகளுக்கு வளைகாப்பு நடத்தியபோது வளையல் வாங்கப் போனவர் கடையில் அரை நாள் நின்றார். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், காவி என்று எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு கட்சி இருந்தது. கடைசியில் நிறமே இல்லாத வெறும் கண்ணாடி வளையலாக அள்ளிக்கொண்டு வந்தார். கர்ப்பிணிகள் முகம் சுளித்தார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள்.

அறக்கட்டளையின் நர்ஸ் சுசித்ரா அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். சித்திரையில் துளசிங்கம் ஆபீசுக்கு வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

துளசிங்கம் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை தலைவர் வருகிறார், மேடையில் குழந்தைகளுக்குப் பெயர் சூட்டப் போகிறார். அதில் ஒன்று அம்மையார்குப்பத்துப் பிரகாஷின் பெண் குழந்தை. விசைத்தறி ஓட்டும் பிரகாஷ், மனைவி தமிழ்செல்வி முழுகாமல் இருக்கும்போதே, குழந்தைக்குத் தலைவர்தான் பெயர் வைப்பார் என்று துளசிங்கத்திடம் வாக்குக் கொடுத்திருந்தான். குழந்தைக்கு அது தெரியாது. எட்டாம் மாதமே பிறந்துவிட்டது. இன்னும் இரண்டு கிலோவைத் தொடவில்லை.

"பிரகாஷ் பொஞ்சாதி பயப்படுது சார். உங்க நர்ஸம்மா அந்த வூட்டுக்குப் போயி வந்துகினு கீறாங்களாமே. கொழந்தையக் கொணாரலாம்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க" என்றார் துளசிங்கம்.

"கட்சி விஷயத்துல நாங்க தலையிடறதில்லீங்க" என்று கும்பிடு போட்டு அனுப்பிய ராஜகோபால், சுசித்ராவைக் கூப்பிட்டார்.

"போங்கன்னு சொன்னா இவங்க ஆளுன்னு ஆயிடும். போவாதீங்கன்னு சொன்னா எதிர்க்கட்சி ஆளுன்னு ஆயிடும். கேட்டா உங்க இஷ்டம்னு சொல்லிட்டு வந்துடு."

"சார், இந்த வெயில்ல அந்தக் கொழந்தை…"

"வெயிலப் பத்தியும் பேச வேணாம்."

ஞாயிறு காலை சுசித்ரா போனபோது பிரகாஷ் சலவைச் சட்டையில் தயாராக நின்றான். தமிழ்செல்வி, சுசித்ரா கற்றுக்கொடுத்தபடி, குழந்தையின் உடம்புச் சூடு சீராக இருக்க அதை உடம்போடு உடம்பாக நெஞ்சில் வைத்துத் துணியால் கட்டியிருந்தாள். கட்டிலில் ஒரு புது கவுன் கிடந்தது. அதற்குள் இந்தக் குழந்தை மாதிரி இரண்டை வைக்கலாம்.

"போலாமாக்கா?" என்று கேட்டாள் தமிழ்செல்வி.

"உங்க இஷ்டம்" என்றாள் சுசித்ரா.

தமிழ்செல்வி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு துணியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். சுண்டுவிரல் கனத்தில் ஒரு கால் வெளியே வந்தது. சுசித்ராவுக்குத் தன்னை நினைத்தே கேவலமாக இருந்தது.

"அவுக்காத தமிழு. கொழந்தை எங்கயும் போவக் கூடாது. அந்தக் கூட்டத்தையும் வெயிலையும் இது தாங்காது. உசுருக்கே ஆபத்து."

"இப்பதானே எங்க இஷ்டம்னு சொன்னீங்க?" பிரகாஷுக்குக் கோபம் தலைக்கேறியது. "நோட்டீஸ்ல பேரு போட்டாச்சுக்கா. மேடையில வெறுங்கைய வீசிகினு நிக்கச் சொல்றீங்களா?"

பதிலுக்கு நிற்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கூட்டத்தைப் பெண்கள் இருவரும் செல்போனில் பார்த்தார்கள். பிரகாஷின் பெயரை அறிவித்ததும் அவன் மேடையேறினான். கையில் ஒரு கொழுகொழு குழந்தை.

"யாரு கொழந்தைக்கா அது?"

சுசித்ராவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. துளசிங்கத்தின் பேத்தி. தவழும் வயசு, காதுகூடக் குத்தியாகிவிட்டது. தலைவர் அதற்கு வெற்றிமங்கை என்று பெயர் சூட்டினார். ஏற்கெனவே ஒரு பெயர் இருந்த வெற்றிமங்கை மைக்கைப் பிடித்து இழுத்து வீறிட்டது. கூட்டம் கைதட்டியது. தமிழ்செல்வி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குள் ராஜகோபால் சுசித்ராவைப் போனில் கூப்பிட்டுவிட்டார். "பேசிட்டியாமே! துளசிங்கம் கத்தறாரு. எதிர்க்கட்சிக்காரங்க போன் போட்டுப் பாராட்டறாங்க, அது அதவிட மோசம். கமிட்டி கூடற வரைக்கும் நீ வேலைக்கு வராத."

"இந்தக் கொழந்தைய யாரு சார் பாப்பாங்க?"

"அதப் பத்தி இப்ப நாம எதுவும் சொல்ல முடியாது."

சுசித்ரா போனை வைத்தாள். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் அவள் வீடு இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்ததால் அழவில்லை.

சாயங்காலம் பிரகாஷ் வந்தான். தோளில் மேடையில் போட்ட சால்வை. சண்டைக்கு வருவான் என்று சுசித்ரா எழுந்து நின்றாள். அவன் தமிழ்செல்வியின் நெஞ்சில் துணிக்கு மேலே தெரிந்த சின்னத் தலையைப் பார்த்தபடி வாசற்படியிலேயே நின்றான்.

"அந்தப் பாப்பாவக் கையில குடுத்தாங்கக்கா. கையி அப்படியே எறங்கிடுச்சு. நம்ப பாப்பாவத் தூக்குனா துண்டத் தூக்குற மாதிரிதான் இருக்கும். கொழந்தைன்னா அவ்ளோதான் கனம்னு நெனச்சிகினு இருந்தேன்…"

"சட்டையக் கழட்டிட்டு நெஞ்சு, கையி எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினு வாப்பா" என்றாள் சுசித்ரா.

"நான்கூட வெச்சிக்கலாமா?"

"ஆங். அப்பன் ஒடம்புலயும் சூடு இருக்குதில்ல?"

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவனின் நெஞ்சில் குழந்தையை வைத்துக் கட்டினாள். அவன் மூச்சை விடவே பயந்தான்.

"அப்போ இவ பேரு வெற்றிமங்கையா?" என்று கேட்டாள் தமிழ்செல்வி.

"அது அந்தப் பாப்பாவுக்கு வெச்ச பேரு. இதுக்கு மொதல்ல கனம் ஏறட்டும். பேரு நம்பளே வெச்சிக்கலாம்." அவன் தலையை நிமிர்த்தவில்லை. "நாளைக்கு வருவீங்கல்லக்கா?"

"வருவேன்" என்றாள் சுசித்ரா.