முனியப்பன் வளைவு

சென்னிமலையைப் போல் பஸ் ஓட்ட நாமக்கல் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் சென்னிமலைதான். பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல்லுக்குப் பத்து வருஷமாக ஓட்டுகிறார். வண்டி எடுக்குமுன் ஒரு மொந்தை கள், அதற்கு மேல் கூடாது என்பது முதலாளி போட்ட வரம்பு. மொந்தை எவ்வளவு பெரியது என்று முதலாளி சொல்லவில்லை. அதைச் சென்னிமலை தன் வசதிக்கு வைத்துக்கொண்டார்.

வழியில் பரமத்தி ஊரைத் தாண்டினால் ஏரிக்கரையில் ஒரு மோசமான வளைவு, பக்கத்தில் முனியப்பன் கோயில். அங்கே வண்டி நின்றதும் ஜனங்கள் இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வளைவு முடிகிற வரை நடந்தே போவார்கள். சென்னிமலை காலி வண்டியை ஓட்டிப்போய் அவர்களை ஏற்றிக்கொள்வார். தன் வண்டி ஜனங்களுக்கு இருக்கிற பக்தி வேறெந்த வண்டியிலும் இல்லை என்று அவருக்கு ஏகப் பெருமை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் சேலம் ஜில்லாவுக்கு மதுவிலக்கு வந்தது. இனி மொந்தைக் கணக்கே கிடையாது, வாயில் வாடை அடித்தால் அன்றோடு வேலை போச்சு என்றார் முதலாளி. சென்னிமலை சர்க்காரை வாய் வலிக்கத் திட்டினார். முதல் வாரம் கை நடுங்கியது. அப்புறம் பார்த்தால், ரோட்டோரப் புளியமரங்கள் நகராமல் நின்ற இடத்திலேயே நின்றன.

இரண்டு மாதம் போனது. வளைவில் வண்டியை நிறுத்தினால் இப்போது ஒருவரும் எழுந்திருப்பதில்லை. தினமும் வெற்றிலைக் கட்டோடு சந்தைக்கு வரும் முத்தாயம்மாளிடம் கேட்டுவிட்டார்.

"ஏனுங்கம்மா, சாமி மேல கோவமா?"

"சாமி மேல என்னங்க கோவம்? அப்பெல்லாம் வண்டிய கள்ளுதானுங்க ஓட்டுச்சு. வளவுல உசுரு தப்போணுமேன்னு நடந்தோம். இப்ப நீங்க ஓட்டறீங்க. எதுக்குங்க எறங்கோணும்?"

சென்னிமலைக்கு முகம் சுண்டிப்போயிற்று. பத்து வருஷப் பெருமையும் ஒரே பேச்சில் ஏரியில் போனது.

தை மாதம் ஆற்றுக்கு அக்கரையில் பங்காளி வீட்டுக் கல்யாணம். அது திருச்சி ஜில்லா, மதுவிலக்கு இல்லை, கள்ளுக்கடை திறந்திருந்தது. காலையிலேயே இரண்டு மொந்தை உள்ளே போனது. பரிசலில் இக்கரை வந்து, வாய் நிறைய வெற்றிலை போட்டு வாடையை மறைத்து, வண்டியில் ஏறினார். யாரும் சந்தேகப்படவில்லை.

வளைவு வந்தது. கை தானாகவே வண்டியை நிறுத்தியது. திரும்பிப் பார்த்தார். முத்தாயம்மாள் வெற்றிலைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒருவரும் இறங்குகிற மாதிரித் தெரியவில்லை. என்ஜினை அணைத்தார். வேலை போய்விடும் என்று தெரியும். இருந்தும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"எல்லாரும் எறங்கிக்கோங்க. நான் குடிச்சிருக்கறேனுங்க. இதுக்கு மேல ஓட்ட மாட்டேன்."

ஒவ்வொருவராக இறங்கினார்கள். முத்தாயம்மாள் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். சந்தைக்கு இன்னும் ஏழெட்டு மைல் நடக்க வேண்டும்.

"நாளைக்கு வண்டிக்கு வாரீங்களா?" என்றாள்.

"மொதலாளிகிட்ட நானே சொல்லப்போறேன். வெச்சிருந்தார்னா வாரேனுங்க."

"நாங்களும் வந்து சொல்றோமுங்க. நாளைக்கு இந்த வளவுல நான் எறங்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவள் நாமக்கல் ரோட்டில் நடந்தாள்.