மாப்பிள்ளை ஏறினால்தான் கிளம்பும் கார்

கழுத்தில் மாலையோடு கல்யாணமாகாத ஆண் ஒருவன் பின்சீட்டில் உட்கார்ந்தால் மட்டும்தான் டில்லி கிட்வாய் நகர் நல்லசிவத்தின் கார் கிளம்பும். 1992 மார்ச்சில் அதை வாங்கிய மறுநாளே இது தெரிந்துவிட்டது. கூரையை மடக்கிவிடக்கூடிய, ஐம்பத்திரண்டாம் வருஷத்து இங்கிலாந்து வண்டி. கரோல்பாக்கில் ஒருவர் முப்பது வருஷமாக அதை மாப்பிள்ளை அழைப்புக்கென்றே வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். வேறு வேலை அதற்குப் பழக்கமில்லை. மூன்று மெக்கானிக்குகள் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றுமில்லை, பூக்காரனிடம் போங்கள் என்று ஹிந்தியில் சொல்லி அனுப்பினார்கள்.

திருநெல்வேலியிலிருந்து வந்து மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசரான நல்லசிவம், கார்க்காரர் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அதை வாங்கியவர். விட்டுவிடுவாரா? தினமும் காலை எட்டரைக்கு மாடிவீட்டுக் கிளார்க் பெரியண்ணன் செவ்வந்தி மாலையும் டிபன் டப்பாவுமாகப் பின்சீட்டில் ஏறிக்கொள்வார். சிக்னலில் பஸ்ஸில் தொங்குகிறவர்கள் "ஷாதி முபாரக்!" என்று கல்யாண வாழ்த்துக் கத்துவார்கள். பெரியண்ணன் கும்பிடு போடுவார். நாலு வருஷம் இப்படியே போயிற்று. 1996-இல் ஒரு திங்கட்கிழமை கார் இருமக்கூட இல்லை. பெரியண்ணன் மாலையைக் கழற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை ஆபீஸ் ஸ்டெனோவை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டதை நடுத்தெருவிலேயே ஒப்புக்கொண்டார். சேலத்திலிருந்த அவர் அம்மாவுக்கு அது பத்து நாள் கழித்துத்தான் தெரியும்.

அதோடு காருக்கு மவுசு ஏறிவிட்டது. லக்ஷ்மிபாய் நகரிலிருந்தெல்லாம் பெண்ணைப் பெற்றவர்கள் வரன்களைக் கூட்டி வந்து, "சும்மா ஒரு ரவுண்டு மாப்ளே, ஜல்தி வந்துரலாம்" என்று மாலையைப் போட்டு ஏற்றிவிடுவார்கள். இரண்டு டாக்டர்களும் ஒரு விமானப்படைக்காரரும் ஏறிய வேகத்தில் இறங்கி ஊருக்கு ரயிலேறினார்கள். மூன்று பேருக்கும் வேறெங்கோ ஒரு குடும்பம் இருந்தது பிற்பாடு தெரியவந்தது. கார் ஒருதரம்கூடத் தப்பு சொன்னதில்லை.

தன் மகள் மாலாவுக்கு வந்த வரனை மட்டும் நல்லசிவம் ஏற்றிப் பார்க்கவில்லை. மாலாவுக்கு அப்போது முப்பத்தொன்று. ஒன்பது வருஷமாகத் தபாலில் போய்த் திரும்பி ஜாதகத்தின் மூலைகள் நைந்திருந்தன. மஸ்கட்டில் எஞ்சினியராக இருந்த ஜெகன் சம்மதம் சொன்னதும் நல்லசிவத்தின் சம்சாரம் வேலம்மாள் கேட்டாள்: "ஏங்க, அந்தப் பையன ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்."

"கார்புரேட்டர் ஒர்க்‌ஷாப்புல கெடக்கு" என்றார். பானெட்டைத் திறந்திருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும்.

1999 பிப்ரவரியில் மாப்பிள்ளை அழைப்பு. ஜெகன் கோட்டும் மாலையுமாக ஏறி உட்கார்ந்தான். நாதஸ்வரம் தொடங்கியது. நல்லசிவம் சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினார். நாதஸ்வரக்காரரே ஊதுவதை நிறுத்திவிட்டார். விஷயம் தெரிந்த தெரு. அத்தனை முகமும் இவர் பக்கம் திரும்பியது. மண்டபத்தில் நானூறு பேருக்கு உலை வைத்தாயிற்று.

"பேட்டரி டவுன்" என்றார் நல்லசிவம், ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி.

பெரியண்ணன் குனிந்து, "சார், வேணாம் சார்" என்றார் மெதுவாக.

"தள்ளுவே!"

தள்ளினார்கள். கார் பொய் சொல்லாது என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை, ஆனாலும் தள்ளினார்கள். ஸ்டீயரிங்கைப் பெரியண்ணனிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்து நல்லசிவமும் தோள் கொடுத்தார். பம்பரில் மாட்டிப் பட்டு வேட்டி அவிழ்ந்து போயிற்று. அரை பர்லாங்கு பட்டாபட்டி டிராயரோடு தள்ளிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மண்டப ஜன்னலில் நின்ற மாலா எஞ்சின் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கார் வந்தது, சத்தம் வரவில்லை.

"அப்பா?" என்றாள்.

"பேட்டரிம்மா."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. மறுநாள் தாலி ஏறியது.

செப்டம்பரில் மஸ்கட் வீட்டுக் கதவைத் தட்டியவள், இடுப்பில் மூன்று வயசுப் பிள்ளையோடு, இது என் வீடு என்றாள். அக்டோபரில் மாலா ஒரே ஒரு பெட்டியோடு கிட்வாய் நகருக்குத் திரும்பிவிட்டாள். அப்போதும் அப்பாவை அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று நல்லசிவம் தினமும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து காத்திருந்தார்.

ஜனவரியில் ஒரு காலை அவள் தனியாகப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். மாலையில்லை, மாப்பிள்ளையில்லை, கார் கிளம்பிவிட்டது. நல்லசிவம் ஓடி வந்து கதவைத் திறந்து ஏறினார். நின்றது. இறங்கினார், கிளம்பியது. மூன்று தரம் ஏறி இறங்கினார். பால்கனியிலிருந்து வேலம்மாள் சொன்னாள்: "எறங்கிருங்க. அதுக்குத் தெரியுது."

அதன் பிறகு மாலா வேலைக்குக் கிளம்பும்போது அவருடைய பையும் டிபனும் பின்சீட்டில் போகும். கார்க்கதவில் ஒரு கையை வைத்தபடி அவர் பஸ் ஸ்டாப் வரை நடப்பார். 2004-இல் ரிடையராகித் துவாரகாவுக்கு வீடு மாறியபோது சாமான்கள் லாரியில் போயின, வேலம்மாள் முன்சீட்டில் போனாள், நல்லசிவம் அத்தனை தூரமும் பக்கத்தில் நடந்தே போனார். மாலா முதல் கியரைத் தாண்டவில்லை. பின்னால் நின்ற பஸ்கள் ஹாரன் அடித்துப் பார்த்து ஓய்ந்தன.

துவாரகாவில் இப்போது யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. காலையில் பால் பாக்கெட்டுகள் பின்சீட்டில் வரும். அவர் பக்கத்தில் நடந்து வருவார்.